மிருதங்க உடும்பு வரவில்லை

ஒரு காட்டில் உடும்பு ஆவுடையப்பனுக்கு முதல் துரோகம் செய்தது முள்ளம்பன்றி சபேசன். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு வேறு சிலரும் செய்தார்கள். அவர்கள் வருகிறபோது வரட்டும்.

சபேசன் அந்தக் காட்டுச் சங்கீத சபையின் செயலாளர். ஸ்வரம் மொத்தம் ஏழு என்று அதற்குத் தெரியும். எவை அந்த ஏழு என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆவுடையப்பன் வயலினும் வாசிக்கும், மிருதங்கமும் வாசிக்கும். ஏதோ வரும் என்ற அளவில் இல்லை. அது வில்லை எடுத்தால் கிளிகள் கொய்யாப்பழத்தை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கும். மிருதங்கத்தில் கை வைத்தால் குளத்துத் தவளைகள் தங்கள் தாளத்தை நினைத்து வெட்கப்பட்டு உள்ளே போய்விடும். ஆனாலும் வயலின்காரர்கள், மிருதங்கக்காரனுக்கு இவ்வளவு வயலின் வருவதே பெரிது என்பார்கள். மிருதங்கக்காரர்கள், வயலின்காரன் என்று பார்த்தால் கை பரவாயில்லை என்பார்கள்.

சபேசனுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. வயலின் குரங்குக்கு வயிற்றுவலி என்றால் ஆவுடையப்பனின் பொந்துக்கு ஓடிவரும். மிருதங்க எருமை சேற்றில் படுத்துத் தூங்கிவிட்டது என்றாலும் ஓடிவரும். நோட்டீஸில் குரங்கு பெயரோ எருமை பெயரோ அப்படியே இருக்கும். ஒரு முறை பத்திரிகையில் குரங்கின் வில்வீச்சைப் புகழ்ந்து அரைப்பக்கம் வந்தது. குரங்கு அன்று வாழைத்தோப்பில் இருந்தது.

கேட்டால் சபேசன், அடுத்த வருஷம் நோட்டீஸில் பெயர் போட்டு, உனக்கென்று ஒரு தனி ஆவர்த்தனமும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும். பாடகர் பாட்டை நிறுத்திக்கொண்டு, மிருதங்கக்காரருக்கு மட்டும் பதினைந்து நிமிஷம் மேடையைக் கொடுப்பதுதான் தனி ஆவர்த்தனம். ஆவுடையப்பன் எருமைக்குப் பதிலாக உட்கார்ந்த நாட்களிலெல்லாம் நேரமாகிவிட்டது என்று அதை வெட்டிவிட்டார்கள். இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

பன்னிரண்டாவது வருஷம் சபைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கலைஞர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். குயில் போய், புகைப்படம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டது. மயில் வரிசையில் நிற்காமலே தலைமைப் பாடகர் ஆயிற்று. அதன் குரலைப் பற்றி யாரும் பேசவில்லை. தோகையைப் பற்றிப் பேசவே நேரம் சரியாக இருந்தது.

ஆவுடையப்பன் முறை வந்தபோது, குமாஸ்தா ஓணான் பதிவுப் பாரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டியது. வாத்தியம், ஒன்று மட்டும் என்று போட்டிருந்தது. இரண்டும் என்று எழுதலாமா என்று ஆவுடையப்பன் கேட்டது.

"ரெண்டுன்னு போட்டா மிஷின் வாங்காது பெரியப்பா. ரெண்டு பாரம் போடுங்க. ஒண்ணுல இடது பக்கம் திரும்பி போட்டோ எடுத்துக்குங்க, இன்னொண்ணுல வலது பக்கம்" என்றது ஓணான்.

அப்படியே செய்தது. இரண்டு பாரத்துக்கும் இரண்டு எண் கொடுத்தார்கள். பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. பாட்டு மயில், வயலின் ஆவுடையப்பன், மிருதங்கம் ஆவுடையப்பன். பதினோரு வருஷமாக ஒரு தடவையும் வராத பெயர் ஒரே வரியில் இரண்டு தடவை வந்துவிட்டது. ஆவுடையப்பன் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மனைவி பொன்னுத்தாயிடம் காட்டியது. பொன்னுத்தாய் இரண்டு தடவை படித்துப் பார்த்தது.

"ஏங்க, மிருதங்கத்துக்கே ரெண்டு கை வேணும். வயலினை வாலால வாசிப்பீங்களா?"

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. சபேசனிடம் போய் ஏதாவது ஒன்றை எடுத்துவிடச் சொன்னது. பட்டியலைப் பூட்டியாயிற்று என்றது சபேசன். யார் விலகினாலும் அந்தக் கலைஞருக்கு மூன்று வருஷம் மேடை கிடையாது, உங்கள் இருவரில் யார் விலகுவது என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது.

ஆவுடையப்பன் யோசித்தது. மயிலுக்குப் பக்கத்தில் வயலின் இல்லாவிட்டால் சுருதி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பாட்டுக்கெல்லாம் வயலின் வாசிப்பது. தனி ஆவர்த்தனத்தின்போது வயலினுக்கு எப்படியும் வேலை இல்லை. அந்த நேரத்தில் எழுந்து போய் எதிர்ப்பக்கம் மிருதங்கத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்வது. நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளுக்குச் சபையில் என்ன மரியாதை என்பதைத்தான் அது மறந்துவிட்டது.

கச்சேரி அன்று மூங்கில் கொட்டகை வாசலில் கீரி ஒன்று கலைஞர்களுக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு ஒரு அட்டை. ஆவுடையப்பன் இரண்டு கேட்டது. தலையைக் காட்டச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டு, வயலின் அட்டையை மட்டும் கழுத்தில் மாட்டி அனுப்பியது கீரி.

கச்சேரி ஆரம்பித்தது. மிருதங்கம் அதன் இடத்தில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சபேசன் மைக்கைப் பிடித்து, மிருதங்க வித்வான் வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று அறிவித்தது. வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பனும் ஆமாம் என்று தலையாட்டியது. வேறு என்ன செய்யும்?

பெரிய பாட்டு முடிந்து, மயில் மிருதங்கத்தின் பக்கம் கையை நீட்டியது. ஆவுடையப்பன் வயலினைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் கீரி வந்து குறுக்கே நின்றது. வயலின் அட்டை போட்டவர் மிருதங்கத்தைத் தொடக் கூடாதாம். ஆவுடையப்பன் தன் நோட்டீஸை எடுத்துக் காட்டியது. கீரி அட்டையைக் காட்டியது. மயில் நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தது. சபையோர் ஒவ்வொருவராக எழுந்து கேன்டீனுக்கு நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, தனி ஆவர்த்தனத்துக்கு எப்போதும் எழுந்து போகிறவர்கள்தான். பதினைந்து நிமிஷம் அப்படியே கழிந்தது. பிறகு மயில் மங்களம் பாடிவிட்டது.

மறுநாள் விசாரணை. கச்சேரிக்கு வராத மிருதங்க ஆவுடையப்பன் மீது வழக்கு. சாட்சியாக வயலின் ஆவுடையப்பனைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் யானை.

அவனும் நானும் ஒரே ஆள்தான் என்று ஆவுடையப்பன் விளக்கிப் பார்த்தது. யானை காதை ஆட்டியது. ஒரே பெயர், ஒரே இனம், விட்டுக்கொடுக்க மனசு வராதுதான், ஆனால் பாவம் பார்க்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றது. அவர் வராததால் உங்கள் கச்சேரி கெட்டதா இல்லையா என்று கேட்டது. கெட்டதுதான் என்று ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டது. இதற்கு முன்னால் மிருதங்கக்காரர்கள் வராமல் நீங்கள் சிரமப்பட்டது உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது.

அவ்வளவுதான். பதினோரு வருஷமும் ஆவுடையப்பனின் தொண்டைக்கு வந்துவிட்டன. எத்தனை தடவை சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து ஓடினேன், எத்தனை பேருடைய பெயரில் கைதட்டல் வாங்கினேன் என்று ஒரு மணி நேரம் பேசியது. பேசப் பேசக் கோபம் ஏறியது. கடைசியில் மேசையைத் தட்டிச் சொன்னது:

"நேத்து அவன் ஒருத்தன் வந்திருந்தா, பதினோரு வருஷமா எனக்குச் சேர வேண்டிய தனி எனக்குக் கெடைச்சிருக்குமுங்க. வந்தானா? வரலையே."

இதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டது. மிருதங்க ஆவுடையப்பனுக்கு மூன்று வருஷத் தடை. அதோடு, வயலின் ஆவுடையப்பனிடம் பதினைந்து நாளைக்குள் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு. சபேசன் வாசல் வரை வந்து வழியனுப்பியது. மிருதங்கக்காரர்களே இப்படித்தான் என்று ஆறுதலும் சொன்னது. இப்படி ஒரு நல்ல செயலாளர் கிடைத்ததற்காக ஆவுடையப்பன் அதைக் கும்பிட்டுவிட்டு வந்தது.

வீட்டில் பொன்னுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் நீங்களே எழுதி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பீடை விட்டது என்றது.

"நான் எதுக்குடி எழுதணும்? தப்புப் பண்ணினவன் எழுதட்டும்."

பதினைந்து நாள் போய் நாலு மாசமும் ஆகிவிட்டது. பொந்தின் மூலையில் இருக்கும் மிருதங்கத்தைத் தொடாமல் ஆவுடையப்பன் சுற்றிக்கொண்டு போகிறது. போன வாரம் முயல் வீட்டுக் கல்யாணத்துக்கு மிருதங்கம் வாசிக்கக் கூப்பிட வந்தார்கள். அவனை நம்பாதீர்கள், வரேன் என்பான் வரமாட்டான் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. தினமும் காலையில் தபால்காரக் கொக்கு வரும்போது வாசலில் நின்று கேட்கிறது. மன்னிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை.

நீதி: இரண்டு வாத்தியம் கற்றவன், பழி போடுவதற்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.