மாத்திரைப் பெட்டியும் என் கன்டெய்னரும்

டக். டக். டக்.

கண்ணைத் திறக்காமலே தெரியும், அது மாமனாரின் மாத்திரைப் பெட்டி. வாரத்துக்கு, வேளைக்கு ஒன்றாக இருபத்தொரு மூடி. ஞாயிறு காலையில் மனைவி ஒவ்வொன்றாக நிரப்பி மூடுவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவெல்லாம் போர்வை துவைத்துவிட்டு நான் வந்து படுக்கிற நேரமும் அதுதான்.

அன்றைக்கு அந்தச் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. பதினெட்டு நாளில் அவளுக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. என்ன கட்டி என்பதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன மாமனாரோ நடு அறையில் படுத்திருக்கிறார். அவரை யார் பார்ப்பது?

எழுந்து உட்கார்ந்து சபதம் எடுத்தேன். மூன்று வருடமாகப் பகல் தூக்கத்தைத் தொலைத்து, வீடியோ பார்த்து புரோகிராம் எழுதக் கற்றவன் நான். இந்த வீட்டையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன்.

மனைவியிடம் விளக்கினேன். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று ஒரு முறை. புரோகிராமின் எந்தப் பாகமும் தனக்கு வேண்டியதைத் தேடி அலையக் கூடாது. கன்டெய்னர் என்று ஒன்று இருக்கும். யாருக்கு எது தேவையோ அதை அதுவே தயார் செய்து கையில் கொடுத்துவிடும்.

நான் தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "அதாவது நான்."

இன்ஜெக்‌ஷன் என்ற சொல்லைக் கேட்ட மாமனார், நல்ல கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பட்டியல் கேட்டேன். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் டைப் அடித்து ஏற்றினேன். மூன்றாம் நாள், மாத்திரை அலமாரி மாறிவிட்டது என்றாள். திரும்ப அடித்தேன். பிறகு நேரம் மாறியது. பிறகு வெந்நீரின் அளவு மாறியது. நான்காவது முறை, எல்லாம் பழையபடியே என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து அடித்தேன்.

அட்மிஷன் நாள். வாசலில் பை. மனைவியைக் கூட்டிப்போக அவள் தங்கை ஆட்டோவோடு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க நான் லீவு போட்டிருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு புரோகிராமைத் திறந்தேன்.

திரையில் புரோகிராமின் ஜன்னல் வந்தது. எல்லாக் கட்டமும் காலி. மறுநொடி அதுவே மூடிக்கொண்டது.

தவறு எங்கே என்று உடனே புரிந்தது. நான் பார்த்த பாடமெல்லாம் கம்பெனிகளின் சர்வர் கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம்களுக்கு. அங்கே கன்டெய்னரை எழுப்பிவிட ஆள் உண்டு. மேஜைமேல் தனியாக ஓடுகிற புரோகிராமுக்கு யாரும் கிடையாது. முதல் ஜன்னல் திறப்பதற்கு முன்பே நாமே எழுப்ப வேண்டும். யாருக்கு எது என்று நூற்றுக்கணக்கான வரி எழுதியிருந்தேன். எழுப்புகிற வரியை எழுதவில்லை. பாகம் பாகமாகச் சோதித்தவன், முழுதாக ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. முதலில் அம்மா, அப்புறம் இவள் என்று யாராவது எழுப்பியே பழகிய ஜென்மம்.

"அரை மணி நேரம் கொடு. ஒரே ஒரு வரிதான்."

"எட்டாச்சுங்க. அப்பாவுக்கு இப்ப என்ன மாத்திரை?"

"வெள்ளையில பாதி, மஞ்சள் ஒண்ணு. பொடிச்சு, வெதுவெதுன்னு மூணு ஸ்பூன் தண்ணியில."

"எப்படிக் கொடுப்பீங்க?"

"தலையணையை உயர்த்தி, வலது கடைவாயில. அவசரப்படுத்தக் கூடாது."

"விழுங்கலைன்னா?"

"தாடைக்குக் கீழ மெதுவா தடவணும்."

சொல்லிவிட்டு நின்றேன். திரையை நான் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, அந்த அலமாரி மாறவே இல்லையா?"

"எங்கே மாறுச்சு? எழுதிக் கொடுத்தா நீங்க படிக்கவா போறீங்க? அதான் திரும்பத் திரும்ப அடிக்க விட்டேன்." பையை எடுத்தாள். "பத்து நாள்னாங்க. கூடக் குறைய ஆனாலும், வரவே முடியலைன்னாலும், அப்பா பட்டினி கிடக்க மாட்டார்."

ஆட்டோ கிளம்பியது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் செவ்வாய்க்கிழமை. இன்று ஞாயிறு, காலையில் போன் செய்தாள்.

"என்ன, அந்த ஒரு வரியை எழுதியாச்சா?"

"எங்கேம்மா நேரம்?"

சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போனை வைத்தேன். பெட்டியில் பதினான்கு மூடி நிரப்பி முடித்திருந்தேன். மஞ்சள் ஒன்றை எடுத்துப் போட்டு, பதினைந்தாவதை மூடினேன்.

டக்.