ஐஸ்பெட்டியும் பீப்பாய் பட்லரும்

கொல்லிமலையில் பீப்பாயைத் தட்டித் தூங்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் நான் வேலை பார்த்த காப்பித் தோட்டத்துப் பங்களாவின் பட்லர். மலையடிவாரத்தில் அவர் சொந்த ஊரான முள்ளுக்குறிச்சியில் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். மலை மேலே பீப்பாய் பட்லர் என்றால்தான் தெரியும். வெள்ளைக்காரர் ஆண்ட காலம். நான் அங்கே தோட்டக்காரன், வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்.

யுத்தத்தால் சீமை பீர் வருவது நின்றது. துரை முகம் வாடிப்போனார். பட்லர் கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, தாமே பீர் காய்ச்ச ஆரம்பித்தார். பீப்பாயின் மேல் காதை வைத்துக் கேட்பார். உள்ளே குபுகுபுவென்று சத்தம் வந்தால், "சத்தம் போடாத கண்ணு. நுரையடங்கித் தூங்கு சாமி" என்று தட்டிக்கொடுப்பார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்பார்கள். அவர் பீப்பாயை மட்டும்தான்.

குளிர வைப்பதுதான் தொல்லை. பங்களாவில் ஒரே ஒரு ஐஸ்பெட்டி. அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் உள்ளே குளிரும் அதிசயம் அது. ஒரு சின்னப் பீப்பாய் ஏறிவிட்டால் அப்புறம் எலுமிச்சம்பழம்கூட நுழையாது. துரைசாணி வெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாலும் கதவை மறித்து நிற்பார்.

"வெண்ணெய் உருகினா நெய்யாகுமுங்கம்மா. பீர் சூடானா என்ற வேலை போயிருமுங்க!"

இன்னொரு பீப்பாய்க்கு இடம் தேடினார். மலைக்காரர்கள் கேழ்வரகைக் குழியில் கொட்டி மூடி வைப்பார்கள். மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஒருவருடைய குழியில் பீப்பாயை இறக்கிவிட்டார். தானியக் குழி உள்ளே புழுங்கும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும். பட்லர் கீழ்நாட்டுக்காரர். ஒரு நாள் குழி வெடித்தது. மூடியிருந்த பலகை பலாமரத்தில் போய்த் தொங்கியது.

தலையெல்லாம் கேழ்வரகும் நுரையுமாகக் குழிக்காரர் வந்து நின்றார். "ஏனுங்க பட்லரு, எங்க குழிக்கு என்னத்தத் திங்கக் குடுத்தீங்க? இப்பிடி ஏப்பம் விடுது!"

அந்த ஞாயிற்றுக்கிழமை துரையின் முதலாளி விருந்துக்கு வருவதாக இருந்தது. பீர் சில்லென்று இல்லாவிட்டால் மலையிறங்கிவிடு என்று துரை சொல்லிவிட்டார். மிஞ்சிய பீப்பாய் ஐஸ்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, அம்மை குத்துகிறவர் தகரப் பெட்டியோடு மலையேறி வந்தார். மலையிலேயே தேவனூர் நாட்டு ஊர்களில் அம்மை பரவிக்கொண்டிருந்தது. சுற்று ஊர்ப் பிள்ளைகள் திங்கட்கிழமைதான் வந்து சேருவார்கள். "அதுவரைக்கும் மருந்து குளுமையில இருக்கோணுமுங்க. சூடு பட்டா செத்துப்போகும்."

"இடமில்ல!" என்றார் பட்லர், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

நான் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. கெஞ்ச நினைத்தேன், வாய் வரவில்லை. பட்லர் என்னைப் பார்த்தார். "உன்ற புள்ளைக்குக் குத்தியாச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தார். "எந்திரி கண்ணு. ஆளு வந்திருக்குது."

"வேலை போயிருமேங்க" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"போனா முள்ளுக்குறிச்சியில ஊடு இருக்குது. நீ பீப்பாயப் புடி!"

விஷயம் கேட்டுக் குழிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "மறுபடி குழி மட்டும் வேண்டாமுங்க. ஓடைக்கு வாங்க." வெயிலே படாத பாறை இடுக்கில், ஈரச் சாக்கில் சுற்றி, கொடியால் மரத்தில் கட்டி, பீப்பாயைத் தண்ணீரில் அமுக்கினோம். அது அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பட்லர் ஞாயிறுவரை ஓடையிலேயே காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விருந்தில் முதலாளி ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்றார். துரை முகம் மலர்ந்தது. பட்லர்தான் சளி பிடித்து, கோப்பைக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டே பரிமாறினார்.

திங்கட்கிழமை முதல் ஊசி என் மகளுக்கு. பங்களாவே அதிரும்படி அழுதாள். பட்லர் அவளை வாங்கி, வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மெல்லத் தட்டினார்.

"சத்தம் போடாத கண்ணு. நுரையடங்கித் தூங்கு சாமி."

தூங்கிவிட்டாள். அவள் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேழ்வரகு பீர் மணக்கிறது.