குடைக்கு வைத்த கையெழுத்து

ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கந்தோர், வங்கி என்று எந்த அலுவலகத்தில் வரும் சிக்கலையும் ஒரு நற்சான்றிதழைக் காட்டித் தீர்த்துவிடலாம் என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் நம்பியிருந்தவன் நான். (இப்போதும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. வசந்திக்குச் சொல்லாதீர்கள்.)

துணுக்காய்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பி இரண்டு வருடமாகியும் கூரை ஏறவில்லை. நானும் மனைவி வசந்தியும் மகள் ஆரணியும் பக்கத்திலேயே தகரக் கொட்டிலில் இருந்தோம். மரத்துக்கும் ஓட்டுக்கும் கிளிநொச்சியில் ஒரு வங்கியில் கடன் கேட்டு விண்ணப்பித்தேன். மாரி மழைக்கு முதல் கூரை போட்டுத் தருவதாக வசந்திக்குச் சத்தியம் செய்யாத குறை.

கடன் பிரிவில் தாரணி என்று ஒரு பிள்ளை இருந்தா. கணினியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் கணினியைப் பார்த்தா.

"சேர், உங்கட கடன் தரம் சரியில்லை. வேற எங்கயோ கன நாளாக் கட்டாத கடன் ஒண்டு கிடக்குது. இப்ப எங்களால தர ஏலாது."

"எனக்கோ? பிள்ளை, நான் தேத்தண்ணிக் கடையில கூடக் கடன் சொல்லாத ஆள்!"

"முழு அறிக்கைக்கு எழுதிப் போடுங்கோ சேர். என்ன கடன் எண்டு அதில விவரமா வரும்."

நான் பார்ப்பது கமக்காரர்களுக்குப் பயிர்ச்செய்கை ஆலோசனை சொல்லும் அரசாங்க உத்தியோகம். 'எடுத்த கடனைத் தவணைக்குக் கட்டுங்கோ' என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்கிற வாய் இது. அந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வசந்தி ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

"ஆருக்குப் பிணை நிண்டனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை. பிள்ளையாராணை."

"அப்ப ஆருக்குக் காசு எடுத்துக் குடுத்தனீங்கள்?"

அந்த 'ஆருக்கு' என்ற சொல்லில் ஒரு கற்பனைப் பெண் சேலை கட்டி, பொட்டு வைத்து, எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து வசந்தி என்னோடு நேரே கதைக்கவில்லை. "ஆரணி, கொப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பா. நான் மூன்றடி தூரத்தில்தான் இருப்பேன். அறிக்கைக்கான விண்ணப்பத்தைக்கூட ஆரணியிடம் கொடுத்துத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினா.

அறிக்கை வருவதற்குள் என் மானத்தைக் காப்பாற்ற நான் ஊரைச் சுற்றினேன். கிராம அலுவலர், கோயில் தர்மகர்த்தா, பாடசாலை அதிபர், மரண உதவிச் சங்கத் தலைவர் என்று நான்கு பேரிடம் நற்சான்றிதழ் வாங்கினேன். நான்கிலும் முத்திரை குத்தி வைத்துக்கொண்டேன்.

அறிக்கை வந்துவிட்டது என்று வங்கியிலிருந்து அழைப்பு வந்த அன்று, மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் வசந்தி ஏறி இருந்தா. எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கள் நீலப் பை இருந்தது. இந்தப் பையைப் பற்றிச் சொல்லவேண்டும். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பானை சட்டியை விட்டோம், ஆடு மாட்டை விட்டோம், இந்தப் பையை மட்டும் விடவில்லை. பிறப்புச் சான்றிதழும் நிவாரண அட்டையும் இல்லாதவன் வரிசையில் நிற்கவே முடியாது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. என் பெயர் போட்ட எந்தத் துண்டையும் என்னால் எறிய முடியாது. தடுப்பூசி அட்டை தொடக்கம் நூலக அட்டை வரை எல்லாவற்றையும் லமினேட் பண்ணி அதற்குள் வைத்துவிடுவேன்.

தாரணி நான்கு கடிதங்களையும் பொறுமையாக வாசித்தா.

"சேர், மரண உதவிச் சங்கம் நீங்கள் சந்தா தவறாமல் கட்டுறியள் எண்டு எழுதியிருக்கு. நல்ல விசயம். ஆனா இதையெல்லாம் கணினி கேக்காது." பிறகு அறிக்கையைத் திருப்பிக் காட்டினா. "இஞ்ச பாருங்கோ, கடன் அட்டை ஒண்டு. வவுனியாவில எடுத்திருக்கிறியள்."

நான் எழும்பி நின்றுவிட்டேன். வங்கி முழுக்கக் கேட்டிருக்கும்.

"கடன் அட்டையோ! என்ர வாழ்க்கையில அப்படியொரு சாமானைக் கண்ணால கண்டதில்லை! இது வேற ஆரோ. இந்தா, என்ர அடையாள அட்டை, நம்பரைச் சரி பாருங்கோ!"

வீராவேசத்தில் நீலப் பையை மேசையில் கவிழ்த்தேன். சான்றிதழ்கள் சரிந்தன. கடைசியாக, பிளாஸ்ரிக் அட்டைக்கு மேல் இன்னொரு பிளாஸ்ரிக் உறை போட்ட பளபளப்பான ஒன்று விழுந்து, தாரணியின் பேனைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதில் என் பெயர் தெளிவாக இருந்தது.

வசந்தி அதைக் கையில் எடுத்தா. பல நாட்களுக்குப் பிறகு என்னோடு நேரே கதைத்தா.

"இது என்ன?"

"அது… குடை தந்தவங்கள்."

"என்ன குடை?"

எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முதல் வவுனியாவில் சில மாதப் பயிற்சி. அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நல்ல மழை. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வங்கித் தம்பி, 'இந்தப் படிவத்தில கையெழுத்து வையுங்கோ சேர், குடை இலவசம்' என்றான். வைத்தேன். பிறகு அட்டையும் வந்தது. பெயர் போட்ட அட்டையல்லவா, பத்திரப்படுத்தினேன். ஒருநாளும் பாவிக்கவில்லை. ஆண்டுக் கட்டணம், அதைக் கட்டாத தண்டம், தண்டத்துக்கு வட்டி என்று கடிதங்கள் எல்லாம் நான் விட்டுவிட்டு வந்த அந்த அறை விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. தொலைபேசி இலக்கத்தையும் இடையில் மாற்றிவிட்டேன். யாரைக் குற்றம் சொல்வது?

வசந்தி அழப்போறா என்று நினைத்தேன். சிரிக்கத் தொடங்கினா. வரிசையில் நின்ற சனமும் சிரித்தது. தாரணி வாயைப் பொத்திக்கொண்டா. "குடையோ! நான் என்னென்னவோ எல்லாம் நினைச்சனான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா வசந்தி. நெஞ்சில் கிடந்த நெல்மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது எனக்கு. மொத்தக் கடனும் என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டவும் வரவில்லை.

அடுத்த நாளே வவுனியாவுக்குப் போய் முழுவதையும் கட்டி, அட்டையை மூடி, கடிதம் வாங்கினேன். ஆனால் தரம் ஒரே நாளில் ஏறாதாம். தாரணி சொன்னபடி ஒரு சின்னக் கடன் எடுத்து, மாதாமாதம் தவணைக்கு நான்கு நாள் முதலே போய்க் கட்டினேன். (காசாளர் என்னைக் கண்டாலே நாட்காட்டியைப் பார்ப்பார்.) அந்த மாரி முழுக்கத் தகரம் ஒழுகியது. ஒழுக்குக்குக் கீழே அரிசி மூட்டைக்கு மேல் விரித்து வைத்தது அதே குடையைத்தான். அதன் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் கடன் கிடைத்தது. ஓடு ஏறியது. புது வீட்டுக் குடிபூரலுக்குத் தாரணியையும் கூப்பிட்டோம். நல்ல மழைக்குள் வந்தா. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. வசந்தி அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றா.

தாரணி நீளமான ஒரு பொதியை என் கையில் தந்தா. பிரித்தால் புதுக் குடை.

"பிடியுங்கோ சேர். இதுக்குக் கையெழுத்து வேண்டாம்."

குடைக் கதை தெரிந்த ஊர்ச் சனம் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது நீட்டினால் அந்த வசனம் கூடவே வரும். காலையில் வசந்தி தரும் தேத்தண்ணியும் அப்படித்தான்.

"இந்தாங்கோ. கையெழுத்து வேண்டாம்."