ஏலத்தோட்டத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவனை நம்பி எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். 'திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன்' என்று மட்டும் அவன் காதில் போட்டுவிடக் கூடாது. போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆனைக்கரையில் நானே சாட்சி, நானே குற்றவாளி.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கி வந்தேன். எங்களை ஒன்றும் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. கிளம்பும் முன் வடக்கே ஒரு கண்டோன்மென்டில் ஆறு வாரம் விவசாயப் பயிற்சி கொடுத்தார்கள். கோதுமை, உருளைக்கிழங்கு, கடுகு; எல்லாம் இந்தியில். நான் முதல் வகுப்பில் தேறி, சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். (அதைப் பார்த்து ஒரு ஏலச்செடிகூடப் பயந்ததாகத் தெரியவில்லை.) பிறகு முன்னாள் படைவீரர்களுக்கென்று கேரள மலையில் ஆனைக்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர் மலைச்சரிவும் கிடைத்தது. மூன்றாம் வருஷம் ஆபீசர் வந்து பார்ப்பார். ஏலம் பூத்திருந்தால் பட்டா. இல்லையென்றால் நிலம் வேறொரு பட்டாளக்காரனுக்குப் போய்விடும்.

அந்த நிலத்தில் நான் செய்த விவசாயம், ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டதுதான். போடிமெட்டில் ஒரு எஸ்டேட் கேட்டில் காவல் வேலை எனக்கு. குழி வெட்டியது, நட்டது, களையெடுத்தது எல்லாம் என் மனைவி செல்லத்தாய். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், ஏலம் அவளுக்குக் கைப்பழக்கம். மூன்றாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு, "இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று வந்து இறங்கினேன். அந்த வாரமே, 'திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன்' என்று கடுதாசியும் வந்தது.

செல்லத்தாய்க்கு அப்போது பார்த்துப் போடியில் தங்கச்சி மகள் சடங்கு. சனிக்கிழமை பஸ் ஏறும்போது சொன்னாள்: "திங்கக்கெழம மொத பஸ்ஸுல வந்துருவேன். அதுவரைக்கும் தோட்டத்துல ஒரு எலையக்கூடத் தொடாதீக. சும்மா இருங்க, அது போதும்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது.)

பஸ் போனதும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாதையோரக் கற்கள் அழுக்கு, மரங்களெல்லாம் பாசி. ஒரு ஆபீசர் வந்து பார்க்கிற இடமா இது? பட்டாளத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றாலே முதல் வேலை சுண்ணாம்பு அடிப்பதுதான். கடைக்கு ஓடிச் சுண்ணாம்பும் காவியும் வாங்கிவந்தேன். கற்களுக்கு வெள்ளை அடித்தேன். நிழல்மரங்களுக்கு இடுப்பு உயரம் வரை வெள்ளை, அதற்கு மேல் காவிப் பட்டை. ஞாயிறு மதியம் பார்த்தால் எங்கள் பழைய ரெஜிமென்டே மலையேறி வந்துவிட்டதுபோல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு விறைப்பாகத்தான் நின்றன. ஆனால் ஒவ்வொன்றின் காலடியிலும் மெல்லிய கொடி மாதிரி ஏதோ சரம் சரமாகத் திசைக்கொன்றாய்த் தரையில் படுத்துக் கிடந்தது. நடுநடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வேறு. இன்ஸ்பெக்ஷனை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பதா! அரிவாளை எடுத்தேன். மேல்சரிவு முழுக்க ஒன்றுவிடாமல் அறுத்துக் குவித்தேன். கீழ்ச்சரிவில் கால் வைத்ததும் அட்டைகள் பிடித்துக்கொண்டன. எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்றவன் நான். ஏழெட்டு அட்டைக்கு அலறி அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

திங்கள் காலை ஆபீசர் வந்தார். கோட்டயம் பக்கத்து மனிதர், அதிகம் பேசாதவர். வெள்ளைக் கற்களைப் பார்த்தார், காவிப் பட்டைகளைப் பார்த்தார். குனிந்து ஒரு செடியின் அடியைப் பார்த்தார். அடுத்த செடி. அதற்கடுத்த செடி.

"பூ எவிடே, ஹவில்தாரே?"

நான் அண்ணாந்து செடியின் உச்சியைக் காட்டினேன். "இனிமேத்தான் சார் வரும்."

"ஏலம் மேலயா பூக்கும்?"

"தெரியல சார். கீழ கெடந்த குப்பையெல்லாம் நேத்தே கிளீன் பண்ணியாச்சு!" என்று விறைத்து ஒரு சல்யூட் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்லத்தாய் பலகாரப் பையோடு படியேறி வந்தாள். பாதையோரம் நான் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை அள்ளினாள்.

"அடப்பாவி மனுசா... பூவப் பூராம் அறுத்துப் போட்டீகளே!"

அவள் குரல் உடைந்ததை முதல்முறை அன்றுதான் கேட்டேன். மூன்று வருஷ உழைப்பு அவள் கையில் வாடிக் கிடந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. சல்யூட் அடித்த கையை இறக்கவும் தோன்றவில்லை.

அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சார், கீழ்ச்சரிவுக்கு வாங்க. அங்கிட்டு இவுக எறங்கிருக்க மாட்டாக. அட்டைன்னா இவுகளுக்கு ஆகாது."

இறங்கினார்கள். நானும் பின்னாலேயே போனேன். அன்று அட்டை கடித்தது தெரியவே இல்லை. கீழே ஒவ்வொரு செடியின் காலடியிலும் சரம் சரமாகப் பூ படுத்துக் கிடந்தது. ஆபீசர் முழங்கால் மண்ணில் பட உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தத் தோட்டம் ஆரு நோக்குறது?"

"நாந்தேன் சார்," என்றாள் செல்லத்தாய்.

அவர் நோட்டில் வெகுநேரம் எழுதினார். போகும்போது என்னிடம், "அடுத்த வருஷம் அரிவாள் அம்மா கையில இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பட்டா வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் அவள் பெயர் இருந்தது. நான் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை.

இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றும் வீட்டில் பாயசம் வைத்தால் எல்லோருக்கும் ஏலக்காய் மிதக்கும், என் டம்ளரில் மட்டும் மிதக்காது. கேட்டால், "ஒங்க பங்கத்தேன் அன்னைக்கே அறுத்துட்டீகளே," என்பாள். பேத்தி சிரிப்பாள், மருமகள் சிரிப்பாள். நான் டம்ளரைத் தூக்கிக் குடிப்பேன். கடைசி மடக்கில் ஒரு ஏலக்காய் நாக்கில் தட்டும். எப்போதும் அடியில்தான் போட்டு வைப்பாள்.