ஆடாமல் அசையாமல் ஒரு சைக்கிள்

"வாப்பா, ஒம்போது மணிக்கு ரேஸு. இப்பவே எட்டு ஆயிட்டு."

"ஏட்டி, உன் சைக்கிள் குற்றாலம் வரைக்கும் ஆடாம அசையாம வரும். நான் பொறுப்பு" என்றார் ஹபீபுல்லா.

மாவட்ட அணியில் மகள் சஃப்ரினுக்கு இடம் உண்டா இல்லையா என்பது இன்றைய பந்தயத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன்பே பிள்ளை மிதித்துக் களைக்கக் கூடாது. தான் போன வாரம் வாங்கிய வெள்ளைக் காரை விடிந்ததும் வாசலில் விட்டுவிட்டுப் போவதாக மச்சினன் சலீம் சொல்லியிருந்தான். வாசலில் வெள்ளைக் கார் நின்றது. துபாயிலிருந்து கொண்டுவந்த சைக்கிள் ரேக்கை அதன் பின்னால் மாட்டி, சைக்கிளைத் தூக்கி வைத்தார்.

எதிர் டீக்கடையிலிருந்து வேட்டிக்காரர் ஒருவர் கிளாஸும் கையுமாக ஓடிவந்தார்.

"பாய், இந்த வண்டியில..."

"வெயிட்டு தாங்கும் அண்ணாச்சி! துபாய்ல நான் பாக்காததா? கிளாஸ வச்சிட்டு ஹேண்டில்பாரப் பிடிங்க."

அந்தக் குரலைக் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. பிடித்தார்.

ரேக்கின் பட்டையை இறுக்கியதும் பெடல் காரின் முதுகில் நீளமாக ஒரு கோடு போட்டது. வேட்டிக்காரர், "ஐயோ!" என்றார்.

"காருன்னா கீறல் விழத்தான் செய்யும். மனச விரிவா வச்சிக்கிடணும்."

பெடலுக்குத் தலையணை கொடுத்தார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சக்கரத்தைக் கட்டினார். சைக்கிளே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நிமிர்த்த, கயிற்றை நாலு கதவுக் கைப்பிடியிலும் கொடுத்து இழுத்தார். இப்போது சைக்கிள் அசையவில்லை. கதவுகளும் அசையவில்லை.

"உள்ள எப்படி வாப்பா ஏறுதது? லேட்டா போனா டீம்ல சேக்க மாட்டாவ." சஃப்ரினுக்கு அழுகை முட்டியது.

ஹபீபுல்லாவுக்கு உள்ளுக்குள் பதறியது. வெளியே காட்டுவாரா?

"முன்கதவ மட்டும் அவுத்தா போச்சு."

அவிழ்த்ததும் சைக்கிள் மறுபடி சாய்ந்து நம்பர் பிளேட்டை மறைத்தது. பொறுக்க மாட்டாமல் வேட்டிக்காரரே தோளில் கிடந்த துண்டை எடுத்து இழுத்துக் கட்டினார். அசையாமல் நின்றது.

"உங்கள மாதிரி ஆளு லேசுல கிடைக்காது அண்ணாச்சி!"

மணி எட்டே முக்கால். முன் டயருக்கு மேலே சாவி இருக்கும் என்று சலீம் சொல்லியிருந்தான். ஹபீபுல்லா கையை விட்டுத் துழாவினார். இல்லை. நாலு டயரிலும் இல்லை.

வேட்டிக்காரர் மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"ஏறுங்க பாய், நானே ஓட்டுதேன். ஒரு டீ குடிக்கத்தான் வண்டிய இங்கன நிறுத்துனேன். அதுக்குள்ள நீங்க சைக்கிளக் கட்டிட்டீய!"