பூசணிக்காய்க்கு வந்த மூளை வீக்கம்

செவ்வாய்க்கிழமை என்றால் நல்லம்பள்ளிப் பக்கத்து மாந்தோப்பில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தலையில் அடிபட்டவர், ஞாபகம் தப்பியவர், கை நடுங்குகிறவர் எல்லாருக்கும் ஒரே வைத்தியர், மாயவன் சாமி. பள்ளிக்கூடம் பிடிக்காத சாமிக்கு 'சைட்டோகைன்' என்ற சொல் மட்டும் செல்போன் வழியாக அருளப்பட்டிருந்தது.

"அதுதான் மூளைக்குள்ள எரியுற பேய். நான் வெளிய இழுத்துடுவேன்."

தீர்த்தம்மாள் கணவன் மாதையனோடு வருவது இது மூன்றாவது வாரம். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டவர் அவர். தருமபுரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "சைட்டோகைன்ங்கறது சேதிம்மா. அடிபட்ட இடத்தைச் சரிபண்ண உடம்பு ஆள் கூப்பிடுற சேதி. வேலை முடிஞ்சும் அது நிக்கலைன்னா நல்ல நரம்பையும் கெடுத்துடும். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

சாமியோ முதல் நாளே மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். போட்டாள். போன வாரம் மாதையனுக்கு வலிப்பு வந்து நுரை தள்ளியது. "பேய் கிளம்புது, நல்ல சகுனம்" என்றார் சாமி. அதையும் நம்பினாள்.

வித்தை இவ்வளவுதான். நெற்றியில் மஞ்சள் குழம்பு, அதன்மேல் வெள்ளைத் திருநீறு, நொடியில் ரத்தச் சிவப்பு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று தீர்த்தம்மாள் பக்கத்து வீட்டு நலங்குக்கு மஞ்சள் அரைத்த கையோடு வந்திருந்தாள். வேர்த்திருந்த அவள் உள்ளங்கையில் சாமி திருநீற்றைக் கொட்டினார். கை சிவந்தது.

"உனக்கும் மூளைப் பேய் இறங்கிடுச்சும்மா."

"என் கையில ஏதுங்க சாமி மூளை?"

கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்தது. தெருவில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆரத்திக்கு ஆலம் கரைப்பவள் அவள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு; சாமியின் திருநீறு வெறும் சுண்ணாம்புப் பொடி. மூன்று வாரமாக அதே ஆலத்தை விழுந்து கும்பிட்டிருக்கிறாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திருஷ்டிக்கு வைத்திருந்த பூசணிக்காயை இழுத்தாள். மஞ்சளைப் பூசினாள். சாமியின் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளித் தூவினாள். பூசணிக்காய் சிவந்தது.

"இது எந்த பைக்குல இருந்து விழுந்துச்சுங்க சாமி?"

"அட, நம்ம வூட்டு ஆலங்க இது" என்று கூட்டத்தில் கண்ணம்மாள் சிரித்தாள். சாமிக்குத் திடீரென்று தீர்த்தமலையில் ஒரு வேலை ஞாபகம் வந்தது. துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

தீர்த்தம்மாள் மாதையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தாள். வழியில் ஒருவர் மறித்தார். "ஏங்க, அடுத்த செவ்வா சாமி எங்க உக்காருவாருங்க?"

"அந்தப் பூசணிக்காயையே கேளுங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், இங்க வந்ததுல மூளை இல்லாம இருக்க அதுக்கு மட்டுந்தான் நியாயம் இருக்குது."