லார்க்ஸ்மீட் பெண்கள் பள்ளி தங்கப் பட்டயம் பெற்ற வரலாறு

பெண் விடுதலை எங்கே பிறந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்லட்டும். அது வளர்ந்து ஆளானது லண்டன் புறநகர் ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில், லார்க்ஸ்மீட் அரசினர் பெண்கள் பள்ளியில்தான். அங்கே நான் துணைத் தலைமையாசிரியை. ஆகவே இதில் மிகை எதுவும் இருக்க வழியில்லை.

"ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குரல்" என்று பள்ளி வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறோம். உள்ளே நுழைந்ததும் அடுத்த பலகை: "நடைகூடத்தில் பேசக் கூடாது." இரண்டும் இடிக்கிறதே என்று ஒரு தாய் கேட்டார். குரல் இருப்பது வேறு, அதை எடுத்துப் புழங்குவது வேறு என்று தலைமையாசிரியை மிஸஸ் ஃபென்விக் அவருக்கு விளக்கினார். நல்ல பீங்கான் கோப்பை எல்லார் வீட்டு அலமாரியிலும்தான் இருக்கிறது; தினமும் அதிலா தேநீர் குடிக்கிறோம்?

கழிப்பறை விஷயத்திலும் நாங்கள் முன்னோடிகள். ஒரு குளிர்காலத்தில் அங்கிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது. யாரோ மின்சிகரெட் பிடிக்கிறார்கள் என்று துப்பறிந்த மிஸஸ் ஃபென்விக், கழிப்பறைகளுக்கு இரும்புக் கதவு போட்டு, பாட நேரம் முழுவதும் பூட்டி வைத்தார். அதற்குக் "கண்ணியக் கதவு" என்று பெயரும் சூட்டினார். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். லார்க்ஸ்மீட் பெண் இரண்டையும் அடக்குவாள். இடைவேளை மணி அடித்தால் கதவு திறக்கும். பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும். வரிசை பாதி நகர்வதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். பொறுமையை இவ்வளவு செய்முறையாகக் கற்றுத்தரும் பள்ளி வேறு ஏது?

இப்பேர்ப்பட்ட பள்ளிக்குப் "பெண்குரல்" தங்கப் பட்டயம் தரலாமா என்று பார்த்துப்போக மிஸ் கோல்ட்ரிக் என்ற மதிப்பீட்டாளர் வந்திருந்தார். அன்று காலைதான், ஒன்பதாம் வகுப்பு மார்னி டகெட் கணக்குப் பாடத்தின் நடுவே கை தூக்கினாள்.

"சார், நான் டாய்லெட் போக முடியுமா?"

கணக்காசிரியர் மிஸ்டர் பெல்கிரேவ், இந்த நாட்டு ஆசிரியர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் அந்த ஒரே நகைச்சுவையைச் சொன்னார். "முடியுமா முடியாதான்னு எனக்கெப்படிம்மா தெரியும்? அதை உன் உடம்பைத்தான் கேக்கணும்."

"சரி சார். போகலாமா?"

"கூடாது."

இலக்கணம் திருந்தியது. மேல்முறையீட்டுக்காக அவளை என் அறைக்கு அனுப்பிவைத்தார்.

"அவசரமா?" என்று கேட்டேன்.

"பீரியட் மிஸ்."

"ரெண்டாவது பீரியட் நடக்குது, தெரியும். அது முடியட்டும்."

"அந்த பீரியட் இல்ல மிஸ்."

"ஓ. அப்ப டாக்டர் கடிதம் வேணுமே. விதிவிலக்குன்னா ஆதாரம் கேப்போம்."

"மாசாமாசம் வர்றதுக்கு டாக்டர் எதுக்கு மிஸ்? இங்க தொள்ளாயிரம் பொண்ணுங்க இருக்கோம். எல்லாருமேவா விதிவிலக்கு?"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பெண்குரல் என்றால் இதுவல்லவா! மனதாரப் பாராட்டி, வகுப்புக்கே திருப்பி அனுப்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணியம் கருதி நான் அதைப் பார்க்கவில்லை.

இடைவேளையில் வரிசையில் நின்றாள். மணி அடித்தபோது அவளுக்கு முன்னால் இன்னும் ஒரு வகுப்பே நின்றது. கதவு மூடியது. அடுத்து நான் அவளை நடைகூடத்தில் பார்த்தபோது, ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஏன் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. என் பக்கத்தில் நின்ற மிஸஸ் ஃபென்விக்கும் பெண்தான். ஆனால் ஸ்வெட்டர் மேலுக்குப் போடும் உடை என்று சீருடை விதி சொல்கிறதே.

"மார்னி, அதை அவுத்து ஒழுங்காப் போடு," என்றார் அவர்.

"வேண்டாம் மிஸ்."

"மதிப்பீட்டாளர் வர்றாங்க. இப்பவே அவுக்கணும்."

"ஸ்கர்ட்டுல பட்டிருச்சு மிஸ்," என்றாள், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"நடைகூடத்துல பேசக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

மார்னியின் கை முடிச்சுக்குப் போனது. வகுப்பு மாறும் நேரம். கூடம் முழுக்கப் பிள்ளைகள். அந்த முடிச்சு அவிழ்ந்தால், பள்ளியை விட்டுப் போகும்வரை அவளுக்கு வேறொரு பெயர்தான் வழங்கும். விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் துணைத் தலைமையாசிரியைக்கு வாய் வேறு, பதவி வேறு.

பின்னால் அவள் தோழி இஃபோமா நின்றிருந்தாள். சத்தமில்லாமல் தன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவள் கட்டினாள். படிக்கட்டில் இறங்கி வந்த பெரிய வகுப்புப் பெண்கள் கட்டினார்கள். ஏழாம் வகுப்புப் பொடிசுகளும் கட்டின, புரிந்ததோ புரியவில்லையோ. கூடம் முழுவதும் விதிப்படி இடது ஓரமாக, விதிப்படி வாய் திறக்காமல் நடந்தது இது. யாரைப் பிடித்து என்ன விதி மீறினாய் என்று கேட்பது?

மிஸ் கோல்ட்ரிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

"என்னங்க இது, எல்லாரும் இப்படி?"

"எங்க பள்ளி வழக்கம்," என்றார் மிஸஸ் ஃபென்விக், கண்ணிமைக்காமல். "ஒற்றுமையோட அடையாளம்."

"அழகா இருக்கே. இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று மிஸ் கோல்ட்ரிக் மார்னியிடமே குனிந்து கேட்டார்.

"கதவைப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் மிஸ்."

"பூட்டிய கதவு!" மிஸ் கோல்ட்ரிக்குக் குரல் தழுதழுத்தது. "பதினாலு வயசுல எப்பேர்ப்பட்ட உருவகம் பாருங்க."

"உருவகம் இல்ல மிஸ். அந்தா, அந்தக் கதவு."

மிஸ் கோல்ட்ரிக் திரும்பிப் பார்த்தார். இரும்புக் கதவில் "கண்ணியம்" என்று பொன்னெழுத்தில் மின்னியது. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கப் பட்டயம் அன்று மதியமே எங்களுக்குக் கிடைத்தது. பட்டயத்தோடு பிள்ளைகளை நிறுத்திப் புகைப்படம் எடுத்தோம். வெயில் சரியில்லை, வரிசை சரியில்லை என்று நிற்கவைத்து நிற்கவைத்து எடுத்ததில் மதிய இடைவேளையும் தீர்ந்துபோனது. முன்வரிசையில், முடிச்சை இறுகப் பிடித்தபடி மார்னி நிற்கிறாள். படம் நன்றாக வந்திருக்கிறது.

விடைபெறும்போது மிஸ் கோல்ட்ரிக் தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு துணிச்சல், இவ்வளவு ஒத்துமை! இந்தப் பிள்ளைங்களுக்காக என்னதாங்க செஞ்சீங்க?"

ஆங்கிலேயருக்கே உரிய தன்னடக்கத்தோடு மிஸஸ் ஃபென்விக் தலை கவிழ்ந்தார். "சத்தியமா நாங்க ஒண்ணுமே செய்யலைங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் பதவிக்காலத்தில் பேசிய பேச்சிலேயே முழு உண்மை அதுதான். ஒரு பிள்ளை காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை.